‘எந்த ஊரு?’ என்று கேட்டால்: ஜவ்வாது மலையிலிருந்து செல்மா பாலம் வரை

[ஒலிப்பதிவிலிருந்து, வாசிப்பதற்காகச் சற்றுத் திருத்திய எழுத்து வடிவம்.]

அமெரிக்க அதிபர் அரசியலில் இனம், தேசபக்தி, நல்லிணக்கம் பற்றி இந்த வாரம் பேசலாம் என்று போன எபிசோடில் சொல்லியிருந்தேன். பேசத்தான் போறோம். ஆனா தொடங்கப் போறது வாஷிங்டன்ல இல்ல, ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற ஒரு டீக்கடையில.

போன மாதம் ஒரு வேலையாக ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். போளூரில் பஸ் மாறி மலை ஏறினால் ஜமுனாமரத்தூர். சாமை அறுப்பு முடிந்திருந்தது. டீக்கடை பெஞ்சில் அறுபது தாண்டிய ஒரு பெரியவர். “எங்கிருந்து வர்றே பாப்பா?” என்றார். சென்னை என்றேன். “நீங்க இந்த ஊருங்களா ஐயா?” என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்:

“இங்க இருக்கற வரைக்கும் இந்த ஊரு. கீழ எறங்கிட்டா திருவண்ணாமலை.”

ஜோக் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சில வருஷம் முன்னால் பேரனுக்கு மொட்டை போட திருப்பதி போயிருக்கிறார். தாத்தாவும் மொட்டை போட்டுக்கொண்டு, லட்டு வாங்கிக்கொண்டு, திரும்பும்போது வழியில் பஸ்ஸில் சோதனை. சீருடையில் ஒருத்தர் ஏறி எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். “ஜவ்வாது மலைன்னேன். எறங்குன்னான். லட்டுப் பையைக் காட்டறேன், பேரன் தலையைக் காட்டறேன். அவன் கையைக் காட்டுன்றான்.”

கை எதுக்கு? உள்ளங்கையில் காப்புக் காய்ச்சியிருக்கிறதா என்று பார்க்க. கோடாலி பிடித்த கையா என்று பார்க்க. “சாமை வெளைக்கிறவன் கை வேற எப்படி இருக்கும்?” என்றார். சாயங்காலம்தான் விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வெளியூரில் யார் கேட்டாலும் திருவண்ணாமலை.

சொந்த நாட்டில், சொந்த ஊர்ப் பெயரைச் சொல்லப் பயப்படுகிற ஒரு மனிதர். இன்றைய எபிசோட் அவரைப் பற்றியதுதான். ஒபாமாவும் திரௌபதி முர்முவும் அதற்கு நடுவில் வந்து போவார்கள்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இந்த மலையில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடி. கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். தமிழ்தான் பேசுகிறார்கள். முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலை ஏறியவர்கள் என்பது அவர்களுக்குள் வழங்கும் கதை. ஜவ்வாது, ஏலகிரி, சித்தேரி, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலையில் பரவியிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகம் இது. பெரிய என்றால், 2011 கணக்கெடுப்புப்படி எல்லாப் பழங்குடிகளையும் சேர்த்தாலே மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம்தான். இந்த 1.1-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

(இடையில் ஒரு வேடிக்கை: பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன. வட ஆற்காடு, சேலம், தருமபுரி என்று. ஈரோடு அதில் இல்லை. அதனால் பர்கூர் மலையில் இருக்கிற அதே மக்கள் பழங்குடி இல்லை. ஒரு மாவட்டக் கோடு தாண்டினால் ஒருவருடைய இனமே மாறிவிடுகிறது.)

சரி, கையைப் பார்க்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பேர்போனது. கீழே திருப்பத்தூரில் அரசாங்கத்தின் சந்தனக் கிடங்கும் ஏலமும் அதனால்தான் வந்தன. சந்தனம் குறைந்தது. மரத்தை அறியும் கையும், காட்டில் நடக்கும் காலும் மிச்சம் இருந்தன. வருமானம் மட்டும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சேஷாசலம் காட்டில் செம்மரம். உலகத்தில் ஆந்திராவின் அந்தச் சில மாவட்டங்களை விட்டால் அது இயற்கையாக வளர்வது மிகக் குறைவு. சீனாவிலும் ஜப்பானிலும் அதற்கு நல்ல விலை. தரகர் மலைக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், ஆளைக் கூட்டிப் போவார். அந்த வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. போகாதவர்கள்தான் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிடிபடுவது எப்போதும் கோடாலி பிடித்தவர். கப்பலில் ஏற்றியவர் இல்லை.

2015 ஏப்ரல் 7. திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் ஆந்திராவின் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்கள். ஜவ்வாது மலையிலும் சித்தேரியிலும் பல வீடுகளில் சாவு. கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. தங்களோடு வந்தவர்களை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஆறு பேரின் உடலை நீதிமன்றம் மறுபடி பிரேதப் பரிசோதனை செய்யச் சொன்னது. குடும்பத்துக்கு 5 லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுக்க ஆணையம் பரிந்துரைத்தது. காட்டில் அன்று என்ன நடந்தது என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு தீர்ப்பு மட்டும் வரவில்லை.

இப்போது அமெரிக்காவுக்குப் போகலாம். தாவல் இல்லை இது, தேதியைப் பாருங்கள். சேஷாசலத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், 2015 மார்ச் 7, அலபாமா மாநிலத்தில் செல்மா என்ற சின்ன ஊரில், ஒரு பாலத்தின் அடியில் பராக் ஒபாமா பேசினார்.

அந்தப் பாலத்தில் ஐம்பது வருஷம் முன்னால், 1965 மார்ச் 7-ல், ஓட்டுரிமை கேட்டு நடந்து வந்த கறுப்பின மக்களை மாநிலக் காவல்படை அடித்து நொறுக்கியது. முன்வரிசையில் நடந்தவர் ஜான் லூயிஸ், வயது 25. மண்டை உடைந்தது. டிவியில் அதை நாடே பார்த்தது. எட்டே நாளில் அதிபர் லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தில் நின்று சட்டம் கேட்டார். ஆகஸ்ட் 6 அன்று ஓட்டுரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 2015-ல் ஒபாமாவை மேடைக்கு அழைத்தவர் அதே ஜான் லூயிஸ், அப்போது எம்.பி. கூட்டத்தில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் இருந்தார்.

ஒபாமா அன்று சொன்னதன் சாரம் எனக்கு முக்கியம். தன் நாட்டில் குறை இருக்கிறது என்று சொல்லி அதைத் திருத்த நடந்தவர்கள்தான் பெரிய தேசபக்தர்கள் என்றார். இதை அவர் சும்மா சொல்லவில்லை. ஏழு வருஷமாக அந்தக் கேள்வியைச் சுமந்தவர். 2008 தேர்தலில் கோட்டில் கொடி பின் குத்தவில்லை என்று ஒரு சர்ச்சை. அவருடைய பாதிரியார் ஜெரமையா ரைட் நாட்டைக் கடுமையாகத் திட்டிய பிரசங்கம் வெளியே வந்ததும் இன்னொரு சர்ச்சை. 2008 மார்ச் 18-ல் ஃபிலடெல்ஃபியாவில் அதற்குப் பதில் சொன்னார். பாதிரியாரின் பேச்சைக் கண்டித்தார், ஆனால் ஆளைக் கைவிட மாட்டேன் என்றார். தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டியே தெருவில் கறுப்பு ஆண்களைப் பார்த்துப் பயப்படுவார் என்பதையும் சொன்னார். அப்படி வீட்டுக்குள்ளிருந்தே பேச ஒருவருக்குத் தைரியம் வேண்டும். (ரைட்டின் அடுத்தடுத்த பேச்சுகளுக்குப் பிறகு அந்தத் தேவாலயத்தை விட்டே அவர் விலகினார். அரசியல் அரசியல்தான்.)

2013-ல் அவர் சொன்ன இன்னொன்றும் டீக்கடையில் எனக்கு ஞாபகம் வந்தது. கடைக்குள் போனால் பின்னாலேயே ஒரு கண் வருவது, ரோட்டைக் கடக்கும்போது கார் கதவுகள் பூட்டிக்கொள்கிற சத்தம் – இது தனக்கும் நடந்திருக்கிறது என்றார். நாட்டின் அதிபர், பத்திரிகையாளர்கள் முன்னால். கையைக் காட்டச் சொன்ன கதையும் அதே ரகம்தானே?

ஜார்ஜ் வாலஸ் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். செல்மாவில் அடித்தது இவர் ஆளுநராக இருந்த மாநிலத்தின் படை. இனப் பிரிவினை என்றென்றும் வேண்டும் என்று பதவியேற்பு விழாவிலேயே பேசியவர். 1968-ல் அதிபர் தேர்தலில் நின்று தெற்கில் ஐந்து மாநிலங்களை ஜெயித்தார். 1972 பிரச்சாரத்தில் ஒருவர் சுட்டதில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பிற்காலத்தில் கறுப்பினத் தேவாலயங்களுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். 1995-ல், செல்மா நடைப்பயணத்தின் முப்பதாவது ஆண்டில், சக்கர நாற்காலியில் வந்து அதே மக்களைச் சந்தித்தார். மனசு மாறினாரா, கறுப்பின ஓட்டு தேவைப்பட்டதா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. 1982-ல் அவர் மறுபடி ஆளுநராக ஜெயித்தபோது கறுப்பினத்தவர் பலர் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள். கையில் ஓட்டு இருந்ததால்தான் அவர் தேடி வர வேண்டியிருந்தது.

இங்கேதான் அந்த 1.1 சதவீதம். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட. தெற்கு மாநிலங்களில் இன்னும் அதிகம். அதிபராக ஆசைப்படுகிறவர் அவர்களிடம் வந்து பேசாமல் முடியாது. நம் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஜவ்வாது மலைக்கு அந்தத் தேர்தலில் யாரும் பிரச்சாரத்துக்கு வரத் தேவையே இல்லை. அமெரிக்காவைப் பார்த்து ‘நம்ம ஊர்ல ஏன் இப்படிப் பேச மாட்டேங்கறாங்க’ என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தை விட்டுவிடுகிறார்கள். நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை இது.

2022 ஜூலை 25. சந்தால் சமூகத்தைச் சேர்ந்த திரௌபதி முர்மு குடியரசுத் தலைவரானார். இந்தியாவின் முதல் பழங்குடிக் குடியரசுத் தலைவர். அன்று எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெரியப்பா பையன் ஒரு மெசேஜ் போட்டான்: ‘இனிமே இவங்களுக்கு என்ன குறை?’ நானும் சூடாக ஏதோ எழுதினேன். அண்ணனும் தங்கையும் ரெண்டு மாசம் பேசவில்லை. அவன் வாழும் நாட்டிலேயே 2008 நவம்பரில் இதே வாக்கியத்தைச் சொன்னார்கள். அடுத்த வருஷங்களில் என்னவெல்லாம் நடந்தது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் என் பக்கமும் தப்பு இருந்தது. ‘அது வெறும் பொம்மைப் பதவி’ என்று எழுதியிருந்தேன். நாலு மாசத்தில் அந்த வாக்கியத்தை முழுங்க வேண்டியதாயிற்று.

2022 நவம்பர் 26, அரசியலமைப்பு தினம், உச்ச நீதிமன்ற விழா. முர்மு எழுதிவைத்த ஆங்கில உரையை முடித்துவிட்டு இந்தியில் மனசிலிருந்து பேசினார். சின்னக் குற்றத்துக்காக வருஷக் கணக்கில் சிறையில் கிடக்கிற ஏழைகளைப் பற்றி. அவர்களுக்குத் தங்கள் உரிமை என்னவென்றே தெரியாது, வீட்டில் இருக்கிறவர்களுக்கு வெளியே எடுக்க வழி இல்லை, வழக்கு நடத்தினால் இருக்கிற பாத்திரம் பண்டமும் போய்விடும் என்று பயம் என்றார். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நீதிபதிகளும் சட்ட அமைச்சரும்.

மூன்று நாள் கழித்து நீதிபதிகள் கவுல், ஓகா அமர்வு, ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களின் விவரத்தை மாநிலங்களிடம் கேட்டது. 2023 ஜனவரி 31-ல் விதிமுறைகள் வந்தன. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம். இன்னொன்று: உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்ற யோசனை.

இந்தக் கடைசி வரி யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். செம்மர வழக்கில் ஆந்திரச் சிறையில் இருக்கும் ஒரு மலையாளிக்கு அந்த ஊர்க்காரர் யார் ஜாமீன் கொடுப்பார்? மொழி தெலுங்கு, வக்கீல் யாரென்று தெரியாது. வீட்டுக்காரம்மா மலையிலிருந்து இறங்கி மூன்று பஸ் மாற வேண்டும். தான் பார்த்த வாழ்க்கையிலிருந்து முர்மு பேசிய பத்து நிமிஷம் அந்தச் சிறைக் கதவு வரைக்கும் போயிருக்கிறது. குரூப்பில் அண்ணனுக்கு இதை அனுப்பினேன். ‘பாத்தியா?’ என்று பதில் வந்தது. நானும் ‘நீயும் பாரு’ என்று போட்டேன், ஏனென்றால் அந்தப் பேச்சே ‘குறை இருக்கு’ என்ற பேச்சுதான்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். செல்மாவில் ஒரு அதிபர் நின்ற இடத்துக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக் கணக்கு இருந்தது. யார் அடித்தார்கள், யார் உத்தரவு போட்டார்கள், யார் விழுந்தார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. எனக்குப் படுவது இதுதான்: நடந்தது இன்னது என்று முதலில் எழுதப்பட வேண்டும். நல்லிணக்கம் அதற்குப் பிறகுதான் வரும். அது இல்லாமல் ‘பழசை மறந்துடுங்க’ என்றால், அடிபட்டவரை வாயை மூடச் சொல்வதாகத்தான் ஆகும்.

1946 டிசம்பர் 19-ல் அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் முண்டா இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய இந்திய ஹாக்கி அணியின் கேப்டன். (கடைசி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை; அது தனிக் கதை, தனி எபிசோட்.) எங்களைக் காட்டான் என்கிறீர்கள், ஆமாம் காட்டான்தான் என்று எழுந்தார். ஆயிரக்கணக்கான வருஷமாக எங்களைச் சுரண்டினீர்கள் என்று நேரு முன்னால் சொல்லிவிட்டு, இருந்தாலும் உங்கள் வார்த்தையை நம்புகிறேன், இனி எல்லாருக்கும் சம வாய்ப்பு என்று நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் கை நீட்டினார்.

அந்தக் கணக்கு நம் பக்கத்தில் ஒரு முறை எழுதப்பட்டிருக்கிறது. சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. அதே மலையாளி மக்கள். 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடி வந்ததாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார்கள். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றன. ஊர்ப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் ஆட்களைக் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் தானே வாச்சாத்திக்குப் போனார். பெண்களிடம் நேரில் கேட்டார். அதே வருஷம் செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கச் சொன்னார். நான் செல்மாவையும் வாச்சாத்தியையும் ஒரே தராசில் வைக்கவில்லை. பதவியில் இருக்கும் ஒருவர் நடந்த இடத்துக்கே வந்து நின்றார் என்பது மட்டும் ரெண்டுக்கும் பொது. அதற்கு 31 வருஷம் ஆனது.

சேஷாசலத்துக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை.

டீக்கடைக்குத் திரும்புவோம். பெரியவரிடம் முர்முவைப் பற்றிக் கேட்டேன். தெரியும் என்றார். அந்த ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி ஏற்றச் சொன்னார்களே, அவர் ஏற்றிய கொடி ரொம்ப நாள் இருந்ததாம், மழையில் சாயம் போய்க் கழற்றிவிட்டாராம். “நம்ம ஸ்ரீபதி பாப்பா ஜட்ஜ் ஆயிடுச்சு, அது தெரியுமா ஒனக்கு?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். தெரியும். 2024-ல் சிவில் நீதிபதியாகத் தேர்வான 23 வயதுப் பெண், இந்த மலைதான். குழந்தை பிறந்த சில நாளில் போய்ப் பரீட்சை எழுதியவர். அதைச் சொல்லும்போது மட்டும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. “பெரிய பதவியில இருக்கிற யாராவது இங்க வந்து, நடந்தது தப்புன்னு சொன்னா போதுங்களா ஐயா?”

கிளாஸைக் கீழே வைத்தார். “அது செத்தவங்க வூட்ல கேக்க வேண்டிய கேள்வி. என்னைக் கேக்கறே. என்னைய ஒரு சாயங்காலம் ஒக்கார வெச்சாங்க, அவ்ளோதான்.” கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். “எனக்குன்னு கேட்டீன்னா, அடுத்த தபா திருப்பதிக்குப் போறப்ப ஊரு பேரைச் சொல்லணும். பேரன் பக்கத்துல இருக்கான். தாத்தா ஏன் பொய் சொல்றேன்னு கேக்கறான்.”

போளூர் பஸ் வந்தது. அவருக்கும் அதே பஸ்தான், பொண்ணு வீட்டுக்கு. ஏறும்போது பைக்குள் கைவிட்டு ஆதார் கார்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.